முழுக் காதுள்ள ஆட்டைத் தேடி

ஆட்டின் காதைப் பார்க்காமல் விலை பேசிவிட்டு வந்தேன். அந்தத் தப்பைச் செய்யாமல் இருந்திருந்தால் இத்தாலியில் நான் பார்த்தது ஒரு துறைமுகமும் அதன் வாசலில் இருந்த இரண்டு ஒயின் கடைகளும் மட்டுமாகவே இருந்திருக்கும்.

எங்கள் கப்பல் எஞ்சின் கோளாறாகித் தாராந்தோ துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. இத்தாலியின் படத்தை ஒரு பூட்ஸ் என்று வைத்துக்கொண்டால், குதிகாலுக்கு முன்னால் பாதம் வளைகிற இடத்தில் இருக்கிறது தாராந்தோ. 1978, ஐப்பசி மாதம். செங்கல்பட்டில் அடைமழை கொட்டிக்கொண்டிருக்கும். இங்கே வெயிலும் குளிரும் ஒன்றாக அடித்தன. நான் கப்பலில் கலாசி. துரு சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது, கயிறு இழுப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, செங்கல்பட்டில் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி, லாரி கிளீனராகி, ஓரிடத்தில் உட்கார முடியாமல் பம்பாய் வரை போய்க் கப்பல் ஏறியவன்.

இந்திய ஆட்களுக்குச் சமைக்கிறவரைக் கப்பலில் பண்டாரி என்பார்கள். எங்கள் பண்டாரி காதர் பாய், கோவளத்துக்காரர். கொங்கணியும் இந்தியுமாகப் பேசுகிற அந்தக் கூட்டத்தில் நாங்கள் இருவரும்தான் ஒரே ஜில்லா. அதனால் எனக்கு அடிப்பிடித்த சோறு வந்ததில்லை.

ஆடி மாதம் பாயின் ஒரே மகளுக்கு டைபாய்டு என்று நடுக்கடலில் தந்தி வந்தது. அன்றைக்கே பாய் ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். பெண் பிழைத்தால், வருகிற பக்ரீதுக்கு எந்தச் சீமையில் இருந்தாலும் தன் கையாலேயே ஓர் ஆடு அறுத்து அவ்வளவையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதாக. பெண் பிழைத்துவிட்டாள். பக்ரீத் வரும்போது எகிப்துக் கரையில் இருப்போம், அங்கே ஆடு கப்பலடிக்கே வரும் என்று நிம்மதியாக இருந்தார். எஞ்சின் வேறு கணக்குப் போட்டுவிட்டது.

“ஊட்டுக்குச் சொல்லி அங்கியே அறுத்துடச் சொல்லேன் பாய்,” என்றேன்.

“என் கையாலன்னு வாய வுட்டுச் சொல்லிக்கீறேன். இது எம் பொண்ணு உயிரு கன்னியப்பா. இன்னா, வெளாட்டா?”

ஊருக்குள் கசாப்புக் கடைகள் இருந்தன. தொங்குகிற கறி கேட்டால் தருவார்கள், உயிரோடு ஆடு கேட்டால் சிரித்தார்கள். ஆடு வேண்டுமென்றால் மலைக்குப் போ என்று கை காட்டினார் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை வாசலில் காவல் இருந்த கோசிமோ. தன் சைக்கிளையும் கொடுத்தார். கறுப்பு சைக்கிள், கம்பி பிரேக், கியர் கிடையாது. எங்கள் கடையில் வாடகைக்கு விட்ட சைக்கிள்களின் பெரியப்பா மாதிரி இருந்தது. எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்ததால் எங்களுக்கு அரைநாள் வேலைதான். மதியத்துக்கு மேல் நான் சாலையில் இருந்தேன்.

தாராந்தோவைத் தாண்டியதும் தரை கொஞ்ச நேரம் தட்டையாகக் கிடந்தது. பிறகு கிரிஸ்பியானோ என்ற ஊரைத் தொட்டதும் எழும்பத் தொடங்கியது. மலை என்றதும் பயந்துதான் போனேன். ஆனால் அந்த மலைகள் ஒரேயடியாக ஏறவில்லை. கொஞ்சம் ஏறி, மூச்சு வாங்கவிட்டு, வளைந்து, இறங்கி, மறுபடி ஏறின. சாலையின் இருபுறமும் இடுப்பளவுக்கு வெள்ளைக் கல் சுவர். சுண்ணாம்போ மண்ணோ வைக்காமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கியது. சுவருக்குப் பின்னால் ஒலிவ மரங்கள், அதற்குப் பின்னால் சிவப்பு மண். செம்மண்ணைக் கண்டதும் எனக்குப் பாதி களைப்பு போய்விட்டது.

மணிக்கணக்காக மிதித்தும் எதிரில் வந்தது ஒரு கழுதை வண்டியும் ஒரு சின்னக் காரும்தான். என் சங்கிலி சத்தம் எனக்கே கேட்டது. ஊரில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு எத்தனையோ தரம் மிதித்திருக்கிறேன். பாதையில் பஸ்காரன் நம்மைச் சேற்றில் இறக்கிவிடுவான், கடலை நெருங்கியதும் எதிர்காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். இங்கே காற்றுகூட வழி விட்டது.

மேலே போகப்போக வீடுகளின் உருவம் மாறியது. மதுராந்தகம் பக்கம் அறுவடை முடிந்து நிற்கிற வைக்கோல் போரைக் கல்லாலேயே செய்து, உள்ளே குடித்தனம் போனது மாதிரிக் கூம்பு கூம்பாக வீடுகள். மார்த்தினா என்ற பெரிய ஊருக்குக் கொஞ்சம் முன்னால், அப்படிப்பட்ட வீடுகள் இருந்த சின்ன ஊரில், ஒரு ஒயின் கடை முன்னால் இறங்கித் தண்ணீர் கேட்டேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பானி?” என்றார்.

தண்ணீருக்கு இந்தி வார்த்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பெயர் வித்தோ. இரண்டாவது உலகச் சண்டையில் ஆப்பிரிக்காவில் இங்கிலீஷ்காரனிடம் பிடிபட்டு, பெங்களூர் பக்கத்தில் ஒரு முகாமில் கைதியாக இருந்தவர். முகாமில் கற்ற உடைந்த இங்கிலீஷ் அவருக்கு, கப்பலில் கற்ற உடைந்த இங்கிலீஷ் எனக்கு. இரண்டும் நன்றாக ஒட்டிக்கொண்டன.

“உன் நாடு எனக்கு நாலு வருஷம் பருப்பு போட்டது,” என்றார். “தினமும் பருப்பு. ராத்திரி கொசு. நீ இங்க எதுக்கு வந்தே, பழி வாங்கவா?”

“ஆடு வாங்க,” என்றேன்.

அவரே ஒரு மேய்ப்பனிடம் கூட்டிப் போனார். நானும் கைதேர்ந்தவன் மாதிரி ஒரு கடாவின் பல்லைப் பார்த்தேன், முதுகைத் தடவினேன், நடக்கவிட்டுப் பார்த்தேன். விலை பேசி, கை குலுக்கி, இறங்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. இறக்கம் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

பாய் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டார்: “பல்லு பாத்தியா?”

“பாத்தேன்.”

“காலு?”

“நாலும் கீது பாய்.”

“காது முழுசா கீதா?”

நான் தலையைச் சொறிந்தேன். பாய் கத்தியைக் கீழே வைத்தார்.

“குர்பானி ஆடுடா. ஊனம் இருக்கக்கூடாது. காது அறுந்திருந்தா ஆவாது. நம்மூர்ல கொயந்தைக்குக்கூடத் தெரியும்.”

“ஆட்டுக்குக் காது இல்லாம எங்க போய்டும்?”

“போய்ப் பாரு.”

மறுநாள் போய்ப் பார்த்தேன். கடாவின் இடது காதில் நுனி இல்லை. வலது காது மீன் வால் மாதிரி பிளந்திருந்தது. பக்கத்து ஆட்டைப் பார்த்தேன், அதற்கும் அப்படியே. மந்தையே அப்படி. எங்கள் பக்கத்தில் கொம்பிலோ முதுகிலோ சாயம் பூசி அடையாளம் வைப்பார்கள். இங்கே காதை வெட்டுகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வெட்டு, மலையில் மந்தைகள் கலந்தாலும் காதைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்களாம்.

இந்த ஆடு வேண்டாம், காது சரியில்லை என்று நான் சொன்னதை வித்தோ மொழிபெயர்த்தார். மேய்ப்பன் நீளமாக ஏதோ சொன்னான்.

“என்ன சொல்றான்?”

“உங்க ஊர்ல காதைத்தான் சமைப்பீங்களான்னு கேக்கறான்.”

அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் வித்தோ சொன்ன வழியெல்லாம் மிதித்தேன். கிளைச் சாலை, அதற்கும் கிளை, கடைசியில் கல் சுவர்களுக்கு நடுவே புல் முளைத்த தடம். ஓரிடத்தில் பூமி திடீரென்று பிளந்து ஒரு பள்ளத்தாக்கு, அதன் சுவரில் குகைகள், குகைக்குள் பழைய சாமி படங்கள். இன்னோர் இடத்தில் இரண்டு வெள்ளை நாய்கள், கழுத்தில் ஆணிப் பட்டை, என்னைத் துரத்தின. அந்த ஏற்றத்தில் நான் மிதித்த வேகத்தை யாராவது பார்த்திருந்தால் பந்தயத்துக்கு அனுப்பியிருப்பார்கள். பேன்ட் கால் கிழிந்தது, கால் கிழியவில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வட்டமேசை அளவு ரொட்டியிலிருந்து ஒரு துண்டு, ஆட்டுப் பாலாடைக்கட்டி, கைப்பிடி ஒலிவக்காய். வழியில் யார் வீட்டு வாசலில் நின்றாலும் ரொட்டி வந்துவிடும். எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். துப்பாக்கியோடு ஆட்கள் திரிந்து, உள்ளங்கை அளவுக் குருவிகளைச் சுட்டு இடுப்பில் கோத்துக்கொண்டு போனார்கள். வேடந்தாங்கலில் பறவை வந்திறங்கும் மாதங்களில் ஒரு வெடி வெடித்தாலே ஊரே சண்டைக்கு வரும். இதை ஒரு வேட்டைக்காரனிடம் கையாலும் வாயாலும் சொல்லிப் பார்த்தேன். அவன் எனக்கு ஒரு குருவியைக் கொடுத்தான்.

ஆடு மட்டும் கிடைக்கவில்லை. காது முழுசாக இருந்தால் அது இந்த வருஷத்துக் குட்டி, வயது போதாது. வயது இருந்தால் காது இல்லை. கொஞ்சம் வெட்டியிருந்தால் பரவாயில்லை என்று சொல்கிற பெரியவர்களும் உண்டு என்று கப்பலில் ஒருவர் சொன்னார். பாய் கேட்கவில்லை. “நேர்ச்சை ஆடு. எனக்கு மனசு ஒப்பல,” என்றார். அன்றைக்குச் சாம்பாரில் புளி போட மறந்தார். அவர் மறந்து நான் பார்த்ததே இல்லை.

பக்ரீதுக்கு முந்தின நாள் காலையிலேயே லீவு சொல்லிக் கிளம்பினேன். வித்தோவின் ஊரைத் தாண்டியதும் பின்சக்கரம் தரை தட்டியது. முள். கையில் ஒட்டுத் துண்டும் சொல்யூஷனும் இருந்தன, ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் இல்லை. பக்கத்தில் ஒரு கூம்பு வீடு. வாசலில் நின்ற தடித்த பெண்பிள்ளையிடம் டியூபைக் காட்டினேன். சொல்லாமலே புரிந்துகொண்டு ஒரு தகர டப்பா நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

டியூபை முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருக்கும்போது, என் தோளுக்கு மேலாக ஒரு மூக்கு நீண்டு அந்தத் தண்ணீரைக் குடித்தது. கொழுத்த கடா. இரண்டு காதும் வாழை மடல் மாதிரி முழுசாகத் தொங்கின. பல்லைப் பார்த்தேன். வயதும் இருந்தது.

ஒற்றை ஆடு. மந்தையோடு போகாமல் வீட்டிலேயே வளர்ந்தது. அடையாளம் வெட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. டியூபை அப்படியே போட்டுவிட்டு வித்தோவின் கடைக்கு ஓடினேன்.

“அதைக் கேக்காதே,” என்றார் வித்தோ. “ரோசா என் அண்ணன் பெண்டாட்டி. அந்த ஆடு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அது நாளைக்கு சான் மார்த்தீனோ விருந்துக்கு. புது ஒயின் திறக்கிற நாள். தோட்டத்தில ஒலிவக்காய் பொறுக்கிற கூலிக்காரங்களுக்கு வருஷத்தில அன்னிக்கு ஒருநாள்தான் அவ கறி போடுவா. உசுரு போனாலும் விக்கமாட்டா.”

கேட்டுத்தான் பார்த்தோம். விற்கமாட்டாள். பஞ்சரை ஒட்டி, காற்றடித்து, மலையிறங்கினேன். அன்றைக்குப் பாட்டு வரவில்லை.

எல்லாவற்றையும் பாயிடம் சொன்னேன். பாய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அந்தம்மாவுக்கு நாளைக்கு இன்னா வேணும்?” என்றார்.

“கறி.”

“எனக்கு?”

“ஆடு.”

“எனக்கு ஆடு எதுக்குடா? அறுக்கறதுக்கு. நேர்ச்சைக் கறிய நான் வாயிலகூட வெக்கக்கூடாது. கறி பூரா அங்கியே வுட்டுட்டு வந்துடப் போறேன். அத்த சொன்னியா நீ?”

நான் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

“இன்னா ஆளுடா நீ! ஊர் ஊரா சுத்திக்கினு கீற, வாயத் தொறந்து முழுசா ஒரு வார்த்த சொல்ல வரல. எத்தினி மணிக்கு வெளிச்சம் போவும்?”

வெளிச்சம் போவதற்குள் மறுபடி மேலே ஏறினேன். அந்த ஒரு நாளில் அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு கல்லும் எனக்குச் சொந்தமாகிவிட்டது.

ரோசா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். வித்தோ இரண்டு பக்கமும் பேசினார்.

“காசு கொடுத்து வாங்குவான். அவனே அறுப்பான். கறியை எனக்கே கொடுத்துடுவான். அவன் திங்கமாட்டான். அப்படித்தானே?”

“அப்படித்தான். தோலும் உங்களுக்குத்தான்.”

“அவனுக்குப் பைத்தியமா?”

“அவர் மகளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. பிழைச்சா அறுக்கிறேன்னு வேண்டிக்கிட்டார்,” என்றேன்.

ரோசாவின் முகம் மாறியது. எந்தப் புனிதரிடம் வேண்டிக்கொண்டான் என்று கேட்டாள். புனிதர் யாருமில்லை, நேராகக் கடவுளிடமே என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பெரிய இடத்துக்கே போய்விட்டானே என்ற மாதிரி. பிறகு ஒன்று மட்டும் சொன்னாள்: “சீக்கிரம் வரச் சொல்லு. கிழட்டுக் கறி வேக நேரமாகும்.”

காலையில் கப்பலின் மேல்தளத்தில் தொழுகை முடிந்ததும் கிளம்பினோம். முன்னால் நான், பின்னால் கேரியரில் பாய். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, மேலே கப்பல் கோட்டு. மடியில் துண்டில் சுற்றிய கத்தி. தட்டையில் மிதித்தேன், ஏற்றத்தில் இறங்கித் தள்ளினோம்.

கிரிஸ்பியானோ தாண்டி ஒரு வளைவில் போலீஸ் ஜீப். செங்கல்பட்டில் டபுள்ஸ் போனால் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். இங்கே என்ன செய்வார்களோ என்று நான் டயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் துண்டைப் பார்த்தார்கள். பிரிக்கச் சொன்னார்கள். கத்தி வெயிலில் மின்னியது.

இளைய போலீஸ்காரனின் கை இடுப்புக்குப் போனது. பாய் பதறவில்லை. தன் இரண்டு காதையும் பிடித்து ஆட்டிக் காட்டி, “மே… மே…” என்றார். வயிற்றைத் தடவினார், பிறகு இல்லை இல்லை என்று தலையாட்டி, மலையைக் காட்டினார். நான் “சான் மார்த்தீனோ, ரோசா” என்றேன். மூத்தவர் முதலில் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை டபுள்ஸ் கூடாது என்று நடக்கவைத்தார்கள். சட்டம் எல்லா ஊரிலும் சட்டம்தான்.

ரோசாவின் வாசலில் கூலிக்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் அவர்கள் வீட்டு ஆண்கள் சிலரும் கூடியிருந்தார்கள். பாய் என் காதில், “இவங்க ஏழைங்கதானா? ஏழைங்களுக்குத்தான் சேரணும்,” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே அவர்கள் கைகளைப் பார்த்துவிட்டார். குளிரில் தரையிலிருந்து காய் பொறுக்கி, விரல்கள் வீங்கி வெடித்திருந்தன. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

பணம் கை மாறியது. பாய் கடாவுக்குத் தண்ணீர் காட்டினார், கத்தியை அதன் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஊர்ப் பழக்கத்தில் நான் ஆட்டை மேற்குப் பார்க்கக் கிடத்தினேன்.

“அய்யே, இன்னாடா மேற்க காட்ற? மக்காவத் தாண்டி வந்துகீறோம். இங்கேர்ந்து அது கெயக்கால கீது. திருப்பு.”

திருப்பினேன். பாய் மகளின் பெயரை ஒருமுறை சொன்னார். இறைவன் பெயரைச் சொல்லி ஒரே இழுப்பு. வாசலில் இருந்த ஆண்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். அவர்களிடம் யாரும் கழற்றச் சொல்லவில்லை.

அதன் பிறகு அது சமையல்கட்டுச் சண்டையானது. ரோசா மண் பானையில் கறி, தக்காளி, வெங்காயம் போட்டு அடுப்பில் ஏற்றினாள். ஒயின் குடுவையைச் சாய்க்கப் போனபோது பாய் அவள் கையைத் தடுத்தார். “அத்த மட்டும் பானையில ஊத்த வேணாம்னு சொல்லு. தனியா எவ்ளோ வேணா குடிச்சிக்கட்டும்.” ரோசா முணுமுணுத்துக்கொண்டே குடுவையை மேசைக்குக் கொண்டுபோனாள். சுவரில் சரம் சரமாகக் காய்ந்த மிளகாய் தொங்கியது. பாய் ஒரு கை உருவிப் பானையில் நொறுக்கிப் போட்டார். அவளே இன்னும் இரண்டு எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

பொழுது சாயும் முன் நீள மேசை போட்டார்கள். நான் ஏழைதான், எனக்குத் தடையில்லை. மூன்று தட்டுத் தின்றேன். புது ஒயின் தொண்டையில் புளித்து இறங்கியது. பெண்கள் ரொட்டியைக் குழம்பில் முக்கித் தின்றார்கள், மிளகாயால் மூக்கை உறிஞ்சினார்கள், மறுபடி கேட்டார்கள். வித்தோ, “பெங்களூர்ல இதைப் போட்டிருந்தா நான் திரும்பியே வந்திருக்கமாட்டேன்,” என்றார்.

பாய்க்கு முன்னால் ரோசா வேறு தட்டு வைத்தாள். அவரைப் பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்தது, பக்கத்தில் கசப்புக் கீரை. பாய் அதைத் தொடவில்லை. மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது தட்டில் ஒரு துண்டை ஒதுக்கினால் அவர் கழுத்து நீண்டது. அந்த ஆளே அதையும் எடுத்துத் தின்றபோது சுருங்கியது.

கடைசியில் கூலிக்காரப் பெண்களில் மூத்தவள் பானையைச் சாய்த்து, உள்ளே ரொட்டியால் சுற்றித் துடைத்து, அதையும் வாயில் போட்டுக்கொண்டு, வெறும் பானையைப் பாய் பக்கம் திருப்பிக் காட்டினாள். பாய் எழுந்து போய் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார், மெதுவாக.

திரும்பி வந்து உட்கார்ந்து, பருப்பில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

“கன்னியப்பா, ரொம்பப் பசிக்குதுடா. இன்னா பருப்பு இது, உப்பே இல்ல. அந்தம்மாகிட்ட கொஞ்சம் உப்பு கேளு.”